பெயர் தெரியாத அட்டை ஓவியர்

கிறிஸ்துமஸ் வந்தால் இங்கிலாந்துச் சிறுவர் சித்திரக்கதை இதழ்களின் அட்டையில், தலைப்பெழுத்தின் மீதே பனி படர்ந்திருக்கும். நம் சின்னமனூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் களிப்பைத் தந்தது வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமா.

அதன் அட்டைகளைத் தீட்டியவர்களுள் ஒருவர் வட்டாதி பாப்பையா. 1921-இல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். ஓவியம் கற்பித்த குரு அவர் தந்தையே. சக்கரபாணியாரின் 'யுவ' என்ற தெலுங்கு இதழின் தீபாவளி மலர்களுக்கும் பாப்பையாதான் வண்ணம் சேர்த்தார். அம்புலிமாமா பல மொழிகளில் வெளிவந்ததால், அவர் தூரிகை நம் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது.

படத்தின் ஓரத்தில் 'வபா' என்று தெலுங்கெழுத்தில் கையொப்பமிடுவார். தெலுங்கு பேசும் குடும்பங்கள் நம்மூரில் உண்டு. அவ்வெழுத்தை வாசிக்கும் சிறுவர்தாம் அரியர். அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டியவனும் அதை ஏதோ பூவேலை என்றே எண்ணினான்.

1992 டிசம்பரில் பாப்பையா மறைந்தார். பெயரே அறியாதவருக்கு நாம் எப்படித் துக்கம் காத்திருப்போம்?