மூன்று தோட்டாக்களோடு காட்டுக்குப் போனவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

மான் வேட்டைக்குப் புறப்படும் ஒரு சிறுவன் கையில் எந்தத் தோட்டாவைக் கொடுப்பது? வேட்டைக்கு உரிமம் வழங்கும் நாடுகளில் தந்தைமார் இன்றும் கேட்கிற கேள்வி இது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்கே இடமில்லை. மானைச் சுட்டால் சிறைதான். ஆனாலும் இக்கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவர் நம் நாட்டின் இமயமலை அடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறார். அவர்தான் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்று அவரை எல்லோரும் அறிவர். ஒரு தோட்டாவை வீணாக்கவும் அஞ்சி வளர்ந்த பிள்ளை அவர் என்பதைத்தான் நான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் அதிகாரி. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். 1881இல் தந்தை இறந்துபோகவே, குடும்பத்தின் சுமை தாய் மேரி ஜேன் தலையிலும், பிறகு மூத்த மகன் டாம் தலையிலும் விழுந்தது. கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலைக்குக் கீழே காலாதூங்கி என்னும் ஊரிலும் வாழ்ந்தார்கள். காலாதூங்கி வீட்டைச் சுற்றிலும் காடு. அந்தக் காடுதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம்.

அவருடைய முதல் ஆயுதம் கவண். அடுத்தது உண்டை வில். எட்டு வயதில் ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தது. குழல் வாய் வழியே மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி போன்றது அது. இரட்டைக் குழல்தான், ஆனால் வலக் குழல் வெடித்துப் பிளந்துபோயிருந்தது. கட்டையும் குழலும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். குமாவுன் பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், தமக்கு மாதிரிப் பறவைகள் கொண்டுவந்து தரவேண்டும் என்று சொல்லி அதை இரவல் கொடுத்திருந்தார். ஒரு குழல்தான் உதவும் என்பது எனக்கு ஒரு நன்மையாகவே படுகிறது. மருந்தும் ரவையும் பாதிதானே செலவாகும்! காசு கொடுத்து வாங்கும் மருந்து அது. தவறவிட்டால் மீண்டும் மருந்து அளந்து, கெட்டித்து, ரவையிட்டு, தொப்பி வைப்பதற்குள் கோழியோ மயிலோ அடுத்த ஓடையைத் தாண்டியிருக்கும். எனவே மிக நெருங்கிப் போகும்வரை சுடக்கூடாது என்ற பழக்கம் அந்த உடைந்த துப்பாக்கியிலேயே பிறந்துவிட்டது.

அவருக்குக் காட்டைக் கற்றுக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சாந்தினி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர் குன்வர் சிங். காலாதூங்கிப் பகுதியிலேயே பெயர்பெற்ற கள்ள வேட்டைக்காரர். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டியதில்லை. காட்டை எழுத்தெழுத்தாய்ப் படித்தவர் கள்ள வேட்டைக்காரர். அவரிடம் பாடம் கேட்ட பிள்ளை வேட்டைக்காரர். கார்பெட் இந்த வேறுபாட்டைப் பெரிதாக எண்ணியவரல்லர். தம் ஆசானைப் பற்றிப் பிற்காலத்தில் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். ஆனால் சட்டம் சட்டமாகத்தானே இருந்தது.

பத்து வயதில் பள்ளி மாணவர் படையில் சேர்ந்தார் ஜிம். நம் என்.சி.சி. போன்றது அது. ஒருநாள் பெரிய அதிகாரிகள் சிலர் முன்னிலையில் சுட்டுக் காட்டினார். பிற்காலத்தில் படைத்தலைவர்களுக்கெல்லாம் தலைவராகிய ராபர்ட்ஸ் பிரபுவும் அவர்களில் ஒருவர். அவர்கள் மனம் மகிழ்ந்து .450 மார்ட்டினி இராணுவத் துப்பாக்கி ஒன்றைச் சிறுவனுக்கு இரவலாகக் கிடைக்கச் செய்தார்கள். துப்பாக்கியைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், சுட்டபின் வெற்றுத் தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்பவைதாம் நிபந்தனைகள். கூட்டை எண்ணிக் கொடுக்கவேண்டிய பிள்ளை கண்டபடி சுடுவானா? சில காலத்திலேயே அந்தத் துப்பாக்கியால் தம் முதல் சிறுத்தையை வீழ்த்தினார்.

ஆனால் அந்த மார்ட்டினி பத்து வயதுப் பிள்ளைக்குரிய துப்பாக்கியா? இல்லை என்பேன். இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ட்டினி–ஹென்றித் துப்பாக்கியின் முழுத் தோட்டாவில் இருந்த ஈயக் குண்டின் எடை 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம். அது விநாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் புறப்படும். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் 12.7 அலகு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே உந்தம் சுடுபவன் தோளுக்கும் வந்து சேரும். இதோடு 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவை ஒப்பிடுவோம். இங்கிலாந்தில் ரிக்பி நிறுவனத்தார் .275 என்று பெயரிட்டு விற்றது இதைத்தான். அதன் 140 கிரெயின் குண்டு 9 கிராம்தான். வேகம் விநாடிக்குச் சுமார் 800 மீட்டர். உந்தம் 7.2 அலகு. வாயுவின் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால் தோளில் விழும் உதை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அப்படியானால் மானைத் தாக்கும் ஆற்றலும் பாதியாகிவிட்டதா? அதுதான் இல்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பெரிய குண்டுக்கு 2,600 ஜூல். சிறிய குண்டுக்கு 2,880 ஜூல். வகுப்பில் இச்சூத்திரங்களைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஒரு சிறுவனின் தோளையும் ஒரு மானின் விலாவையும் வைத்துப் பார்த்தபோதுதான் அவற்றின் பொருள் எனக்கு விளங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. 150 மீட்டர் தூரம் போவதற்குள், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காமலே, வேகமான குண்டு சுமார் 17 செ.மீ. கீழிறங்கும், மெதுவான குண்டு 66 செ.மீ. இறங்கிவிடும். புள்ளிமானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு சாண் அகலத்துக்குச் சற்று மிகுதி, அவ்வளவுதான். தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாத இளைஞன் மெதுவான குண்டைச் சுட்டால் அது வயிற்றிலோ காலிலோ படும். மான் சாகாது, ஓடும். புதரில் கிடந்து, இரண்டு மூன்று நாட்கள் துடித்துச் சாகும். உதைக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கிதான். உதையே இல்லை என்று சொல்லலாம். அதிலேயே கண்ணை மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குண்டின் எடை மட்டும் போதாது, அதன் முனையும் முக்கியம். முழுதும் உலோக உறையிட்ட இராணுவக் குண்டு உடலை ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டு உடலுக்குள் பூப்போல் விரிந்து, அங்கேயே தன் ஆற்றலைச் செலவிடும். கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் ஆயுதச் சாலையில் இவ்வகைக் குண்டுகள் செய்யப்பட்டதால் அவற்றுக்கு டம்டம் குண்டு என்றே பெயர் நிலைத்தது. மனிதர்மேல் இவற்றைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் உடன்பாடு செய்தார்கள். மானுக்கோ இதுவே இரக்கமுள்ள குண்டு. ஏனெனில் விரைவில் உயிர் போய்விடும். போரில் கொடுமை எனப்படுவது வேட்டையில் கருணையாகிறது. இதைப் படித்தபோது நெடுநேரம் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதும் முழுதாக ஒப்பவில்லை.

கார்பெட்டுக்கு வருவோம். மேலே படிக்க வசதியில்லை. பதினெட்டு வயதை எட்டும் முன்பே ரயில்வேயில் எரிபொருள் ஆய்வாளராக மாதம் 100 ரூபாய் சம்பளத்துக்குப் போனார். பிறகு பீகாரில் மொகாமே காட் என்னும் கங்கைத் துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, கூலியாட்களோடு தாமும் மூட்டை சுமந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். அவருடைய வேட்டைக் கதைகளைவிட இந்தப் பகுதியே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. விடுப்பு எடுத்து மலைக்குப் போகும்போதுதான் அவர் வேட்டைக்காரர்.

அப்படி 1907இல் சம்பாவத்துக்குப் போனார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி அது. மக்கள் கதவைத் திறக்கவே அஞ்சினார்கள். இந்த வெள்ளைக்காரர் சுடத் தெரிந்தவர்தானா என்று அவர்களுக்கு ஐயம். உண்பதற்கு இறைச்சி கேட்டவர்களுக்காக மலைச்சரிவில் கோரல் என்னும் காட்டாடு மூன்றை அவர்கள் கண்முன்னே வீழ்த்தினார். அதன் பிறகே ஊரார் துணிவு பெற்றார்கள். புலியை வளைத்த நாளன்று அவர் கையிலிருந்த .500 துப்பாக்கிக்கு அவர் எடுத்துப்போனவை மூன்றே தோட்டாக்கள். புலி இரண்டு முறைக்கு மேல் சுட வாய்ப்புத் தராது, மூன்றாவது ஆபத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்தன. குண்டடிபட்ட புலி எதிரே நிற்கிறது, கையில் வெறுந்துப்பாக்கி! ஏனோ புலி பாயவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து, இருபதடி தூரத்தில் நின்று அதன் வாயைக் குறிவைத்துச் சுட்டார். குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்த துப்பாக்கி அது. குண்டு வாயில் படவில்லை, பாதத்தில் பட்டது. நல்ல வேளையாக, முன்பே பட்ட குண்டுகளால் புலி அப்போது உயிர்விட்டுக்கொண்டிருந்தது. சிக்கனமும் அளவு கடந்தால் உயிருக்கு உலை என்பது என் கருத்து. பித்தளைக் கம்பித் துப்பாக்கி காலத்துப் பழக்கம் அவரை விடவில்லை போலும்.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையும் உடைந்திருந்தன. எவனோ என்றோ சுட்ட குண்டு செய்த வேலை. பல் உடைந்த புலியால் தன் இயல்பான இரையைக் கொல்ல முடியவில்லை. அதனால் மனிதரிடம் வந்தது. குறி தவறிய ஒரு குண்டு, 436 உயிர்கள்! சுட்டவன் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. 1938இல் கார்பெட் கடைசியாகச் சுட்ட தக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியின் உடலிலும் பழைய குண்டுக் காயங்கள் இருந்தன. காயப்படுத்திவிட்டு விலங்கைக் காட்டில் விட்டு வருவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை அவரைப்போல் நேரில் கண்டவர் சிலரே.

சம்பாவத் வெற்றிக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹெவட் அவருக்கு அளித்ததுதான் .275 ரிக்பி. இரும்புப் பீரங்கி போன்ற துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு புலிக்குப் போன துரைமார்கள் காலத்தில், மானுக்கு ஏற்றதென்று எண்ணப்பட்ட இந்த இலேசான துப்பாக்கியை அவர் பெரிதும் விரும்பினார். கனமான .450/400 இரட்டைக் குழல் ஒன்றும் அவரிடம் இருந்தது. என்றாலும் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1926 மே மாதம் ஓர் இரவில் விழுந்தது .275 குண்டில்தான். 1930 ஏப்ரல் 11இல் சௌகட் பெண்புலி பாறைக்கு அந்தப்புறம் சில அடி தூரத்தில் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் இடக்கையில் பறவை முட்டைகள் இரண்டு இருந்தன. வலக்கை ஒன்றாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் அப்படித் திருப்பியிருக்க முடியுமா? முட்டைகள் உடையவில்லை, அவற்றைக் கூட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

அதற்கும் முன்பே அவர் மனம் மாறத் தொடங்கியிருந்தது. ஒரு சமயம் இராணுவ அதிகாரிகள் மூவரை ஓர் ஏரிக்கு அழைத்துப் போனார். அவர்கள் முந்நூறு நீர்ப்பறவைகளைச் சுட்டுக் குவித்தார்கள். அது அவரைப் பெரிதும் வருத்திற்று. நிழற்படக் கருவியைக் கையில் எடுத்தார். புலியைச் சுடுவதைவிடப் படம் எடுக்க இன்னும் நெருங்கவேண்டும், இன்னும் பொறுமை வேண்டும். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைவதற்கு உழைத்தார். அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான்.

இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றினார். 1944இல் வெளிவந்த குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947இல் தமக்கை மாகியுடன் கென்யா சென்று நியேரி என்ற ஊரில் தங்கினார். காலாதூங்கிக்கு அருகில் தாம் குடியமர்த்திய சோட்டி ஹல்த்வானி ஊர் மக்களுக்காக, தாம் இறக்கும்வரை அங்கிருந்தே நிலவரி செலுத்தி வந்தார். 1955 ஏப்ரல் 19இல் காலமானார். அந்த .275 துப்பாக்கி அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டு, 2016இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டியது. ஹெவட்டின் பெயரும் சம்பாவத் புலியின் பெயரும் பொறித்த வெள்ளித் தகடு இன்னும் அதன் கட்டையில் இருக்கிறது.