பூட்ட மறந்த அலமாரி



ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்ற சாமான்கள் இல்லையே என்று ஆசிரியர்கள் வருந்துவதைக் கேட்டிருப்பீர்கள். கடையில் அவற்றின் விலையைக் கேட்டுவிட்டு, நீங்களும் வெறுங்கையோடு திரும்பியிருக்கக்கூடும். அப்படியானால் மரியா மாண்டிசோரி அம்மையாரின் சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

அம்மையார் 1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலியிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், 1896-ல் ரோமாபுரியில் டாக்டர் பட்டம் பெற்றார். புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. இத்தார், செகேன் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைப் படித்து, தொட்டும் அடுக்கியும் பழகுவதற்கான கருவிகளைச் செய்து அப்பிள்ளைகளிடம் கொடுத்தார். அவர்களில் சிலர் எழுத வாசிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளைப் போலவே பரீட்சையிலும் தேறினார்கள். ஊரார் வியந்தார்கள். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. இவர்களே இவ்வளவு கற்கும்போது, நல்ல சுகமுள்ள பிள்ளைகள் பள்ளியில் ஏன் பின்தங்கி நிற்கிறார்கள்?

விடை தேடும் சந்தர்ப்பம் 1907 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று வந்தது. ரோமாபுரியின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர் வசித்த பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களையும் படிகளையும் பாழ்படுத்துகிறார்கள் என்று, வீடுகளின் சொந்தக்காரர்கள் அவர்களுக்கென ஓர் அறையை ஒதுக்கினார்கள். பள்ளிச் சாமான் வாங்கப் பணம் கொடுக்கவில்லை. அம்மையார் தம்மிடமிருந்த பழைய கருவிகளையே அங்கு கொண்டுவந்தார்.

அவற்றில் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றுக்குப் பொருந்தும் பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால், கடைசியில் ஓர் உருளைக்கு இடம் சரியாயிராது. ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. பிழையைக் கருவியே காட்டிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் நடந்த ஆட்டபாட்டம் எதையும் கவனியாமல், இதை நாற்பது தடவைக்கும் மேல் செய்தாளாம்!

கருவிகள் முதலில் அலமாரியில் பூட்டியே வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் அதைப் பூட்ட மறந்துபோயிற்று. பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தார்கள். இதைத் திருட்டு என்று யாரும் நினைத்திருக்கலாம். அம்மையார் அப்படி நினைக்கவில்லை. தனக்கு வேண்டியதைப் பிள்ளையே தெரிந்துகொள்கிறது என்று கண்டார். அன்றுமுதல் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகள் வந்தன.

எழுத்துக்களின் கதையோ இன்னும் அழகு. மரத்தில் எழுத்துக்கள் செய்துகொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அட்டையிலும் உப்புத்தாளிலும் வெட்டினார். செலவு குறைவு; ஆதலால் ஒரே எழுத்தைப் பல பிரதிகளாகச் செய்ய முடிந்தது; பல பிள்ளைகள் ஒரே நேரத்தில் சொற்களைக் கோத்தார்கள். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவித் தடவி அதன் வடிவம் கைக்குப் பழகிற்று. அதே ஆண்டு டிசம்பரில், மொட்டை மாடியில் ஒரு சிறுவன் சுண்ணக்கட்டியால் புகைக்கூண்டின் படம் போட்டான். பிறகு, யாரும் எழுதச் சொல்லாமலே, ஒரு சொல்லை எழுதிவிட்டுக் களிப்பால் கூவினான். மரம் கிடைக்காத குறையே பெரிய லாபமாக முடிந்தது!

இந்த அம்மையார் நம் நாட்டுக்கும் வந்தவர். பிரம்மஞான சபையார் அழைக்க, 1939-ல் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, ஆங்கில அரசாங்கம் மகனைக் காவலில் வைத்தது. தாயோ அடையாற்றை விட்டு வெளியேறலாகாது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்றுதான் மகன் விடுதலையானார். பிறகு கொடைக்கானலில் தங்கியபோது, மலையில் கிடைத்த இலையும் பூவுமே பிள்ளைகளுக்குப் பாடப் பொருள்களாயின. 1952 மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்தில் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் ஓர் உப்புத்தாளும் கத்தரிக்கோலும் இராதா? புளியங்கொட்டைகள் இராவா? ‘அ’ என்ற எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுங்கள். செய்துவிட்டு, உடைந்துபோகும், தொலைந்துபோகும் என்று அஞ்சி அவற்றைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, சற்று விலகி நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் விலையுயர்ந்த சாமான்கள் புது மெருகு குலையாமல் அலமாரிக்குள் இருக்கக் கண்டால், சாவி எங்கே என்று மரியாதையோடு கேளுங்கள்.