ஏழாம் சுவை கண்ட விஞ்ஞானி

அறுசுவை உண்டி தமிழர் மரபு. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று எண்ணி முடித்த பின்னும், நம் புதுவைக் குருசுக்குப்பத்தில் மணக்கும் கருவாட்டுக் குழம்பின் சுவை இவ்வாறனுள் அடங்காமல் நாவில் நிற்கிறதே, அது என்ன? இவ்வினாவுக்கு விடை கண்டவர் கிகுனே இகேடா.

அவர் 1864-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தார். டோக்கியோவில் வேதியியல் பயின்று 1889-இல் பட்டம் பெற்றார். 1899-இல் ஜெர்மனி சென்று, லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்ட் என்னும் பேரறிஞரிடம் ஆய்வு செய்தார். 1901-இல் லண்டனில் தங்கியபோது, பின்னாளில் பெரும் நாவலாசிரியரான நாட்சுமே சோசெகி அவருடன் ஒரே இல்லத்தில் வசித்தார். அவ்வாண்டே தாயகம் திரும்பிய இகேடா, டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

தம் மக்களின் உணவு ஊட்டம் குன்றியிருப்பது அவரை வருத்தியது. எளிய உணவும் சுவைபெற்றால் உடல் அதனை நன்கு ஏற்கும் என்று கருதினார். ஜப்பானியர் சாறு வைக்கும் கோம்பு என்னும் கடற்பாசியை எடுத்துக் காய்ச்சினார், வடித்தார், பிரித்தார். 12 கிலோ பாசியிலிருந்து கிடைத்தது 30 கிராம் குளுட்டாமிக் அமிலம்! பாரதியார் புதுவை வந்து சேர்ந்த அதே 1908-ஆம் ஆண்டில் இது நிகழ்ந்தது. அவ்வமிலம் 1866-இலேயே ஜெர்மனியில் கோதுமையிலிருந்து பிரிக்கப்பட்டதுதான். ஆனால் அது தனியொரு சுவைக்குக் காரணம் என உணர்ந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டவர் இகேடாவே. அதன் சோடிய உப்பை சுசுகி என்னும் தொழிலதிபர் 1909-இல் அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1913-இல் இகேடாவின் மாணவர் கொடாமா, உலர்த்திய மீனிலும் இச்சுவை தரும் வேறொரு பொருளைக் கண்டார். நம் கருவாட்டின் இரகசியமும் அதுவே!

1936-இல் இகேடா மறைந்தார். மேனாட்டார் உமாமியைத் தனிச் சுவையென ஏற்க நெடுங்காலம் தயங்கினர். 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கடிதம் ஒன்று, அந்த உப்பின்மீது பேரச்சத்தைக் கிளப்பியது. பின்னர் நடந்த ஆய்வுகள், வழக்கமான அளவில் உண்போர்க்கு அது தீங்கு செய்வதாக நிறுவவில்லை. ஆயினும் ஐயம் இன்றும் அடங்கவில்லை. 2002-இல் நாவிலேயே இச்சுவையை உணரும் ஏற்பி கண்டறியப்பட்டதும், இகேடாவின் கூற்று உறுதியாயிற்று.

தக்காளி ரசத்திலும் குளுட்டாமிக் அமிலம் இயற்கையாகவே உண்டு. நாள்தோறும் உண்கிறோம், ஏன் சுவைக்கிறது என்று கேட்பதில்லை. இகேடா கேட்டார். வதந்தியை நம்பி அஞ்சுவதும், விளம்பரத்தை நம்பி அள்ளிப் போடுவதும் மாணவர்க்கு அழகல்ல. ஆராய்ந்து தெளிவதே அழகு.