பேப் ரூத்: இளம் பந்து வீச்சாளர்

பேஸ்பால் விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர் பேப் ரூத். இவர் 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஜார்ஜ் ஹெர்மன் ரூத். பெற்றோருக்கு அடங்காமல் தெருவில் திரிந்ததால், 7 வயதில் புனித மேரி தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே சட்டை தைக்கக் கற்றார்; மத்தியாஸ் என்ற துறவியிடம் பேஸ்பாலும் பயின்றார்.

1914ஆம் ஆண்டு, இரண்டாம் நிலைக் குழுவான பால்டிமோர் ஓரியோல்ஸின் உரிமையாளர் ஜாக் டன், 19 வயது ரூத்தை இடக்கைப் பந்து வீச்சாளராகச் சேர்த்தார். அவருக்குச் சட்டப்படி பாதுகாவலரும் ஆனார். அதனால் மற்ற வீரர்கள் ரூத்தை டன்னின் குழந்தை என்று கேலி செய்தனர். குழந்தை எனப் பொருள்படும் பேப் என்ற பெயரே பின்னர் நிலைத்துவிட்டது.

ஓரியோல்ஸ் பல ஆட்டங்களில் வென்றது. ஆயினும், அதே நகரில் தோன்றிய வேறொரு குழு பார்வையாளர்களை ஈர்த்துக்கொண்டது. பணமுடையால் டன், ஜூலை மாதம் ரூத்தைப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவிற்கு விற்றார். முதல்நிலைக் குழுவில் ரூத்துக்கு வாய்ப்புகள் குறைவாகவே கிட்டின. ஆகஸ்டு மாதம், அவர் மீண்டும் இரண்டாம் நிலைக்கு, பிராவிடன்ஸ் குழுவிற்கு அனுப்பப்பட்டார்.

அங்கேதான் அவரது ஆற்றல் வெளிப்பட்டது. செப்டம்பர் 5ஆம் நாள் டொரோண்டோவில், எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் பந்து வீசினார். அதே ஆட்டத்தில் ஹோம் ரன்னும் அடித்தார். பிராவிடன்ஸ் அவ்வாண்டு தன் லீக்கில் வாகை சூடியது.

பாஸ்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிற்காலத்தில் 714 ஹோம் ரன்கள் அடித்துப் பேப் ரூத் சாதனை படைத்தார். கீழே அனுப்பப்பட்ட இடத்திலும் முழுமுயற்சியோடு உழைத்ததே அவரை உயர்த்தியது.