பாடம் சொல்லிய நாவு நின்றபோது
இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் ஒரு திருப்பம்

உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய ஒருவர் திடீரென நோயில் விழுந்து, செய்துவந்த தொழிலை இனிச் செய்ய இயலாது என்ற நிலையில் வீட்டில் அமர்ந்திருப்பதை நமது மஹல்லாவில் அவ்வப்போது காண்கிறோம். அத்தகையோருக்காகவே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியை இவ்வாண்டு மலரில் எழுத முன்வந்தோம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்து, வறுமையில் கல்வி கற்று, நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்று உயர்ந்தார்கள். ஹிஜ்ரி 484-இல் அமைச்சர் நிழாமுல் முல்க் அவர்களை பக்தாதின் நிழாமிய்யா மதரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக அமர்த்தினார். அப்போது வயது 34. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். கலீஃபாவின் அவையிலும் மதிப்பு இருந்தது.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (கி.பி. 1095) அந்த நிலை ஆட்டம் கண்டது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களை வாட்டத் தொடங்கியது. பதவியை விட்டுவிடக் காலையில் உறுதி பூணுவார்கள். மாலையில் அவ்வுறுதி கலைந்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் இப்படியே கழிந்தது. பின்னர் நாவு கட்டுண்டது. மாணவர்கள் மனம் மகிழ ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. உணவும் நீரும் தொண்டையில் இறங்கவில்லை, ஒரு கவளமும் செரிக்கவில்லை, உடல் தளர்ந்தது. நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதால் கவலை நீங்காமல் மருந்து பயன்தராது என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டனர். இக்கால மருத்துவர்கள் இதற்கு வேறு பெயர் சூட்டக்கூடும். அதைத் தீர்மானிப்பது நம் வேலையன்று. நாவே ஓர் ஆசிரியரின் தொழிற்கருவி என்பதை மட்டும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

வேறு வழியற்றவராக அல்லாஹ்விடம் மன்றாடிய பின்னர், பதவியையும் பொருளையும் விடுவது அவர்களுக்கு எளிதாயிற்று. மக்காவுக்குச் செல்வதாக வெளியே சொல்லிவிட்டு, ஷாம் நாட்டை நாடி அவ்வாண்டு துல்கஃதா மாதத்தில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்தைத் தவிக்கவிட்டுச் சென்றதாகச் சிலர் மேடைகளில் பேசுவதுண்டு, அது சரியன்று. பிள்ளைகளுக்குத் தேவையானதையும் தமக்குப் போதுமானதையும் ஒதுக்கிவைத்த பின்னரே எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள்.

பக்தாதின் அறிஞர்களுக்கு இது விளங்கவில்லை. சமயத் துறையில் அதைவிட உயர்ந்த பதவி ஏது என்று வியந்தனர். ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடியதாகவும் சிலர் கருதினர்.

திமிஷ்க் உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுப் பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸிலும் தங்கினார்கள். ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பிறகு பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகத்துக்கு இழுத்தது. நாற்பது கிதாபுகள் கொண்ட இஹ்யா உலூமித்தீன் உருவானது இக்காலத்தில்தான். முந்நூறு பேருக்கு முன் ஓய்ந்த நாவுக்கு ஈடாக அல்லாஹ் பேனாவைக் கொடுத்தான் என்றே நாம் கருதுகிறோம்.

ஏறத்தாழ பத்தாண்டுகள் கடந்தன. ஹிஜ்ரி 499-இல் (கி.பி. 1106) அரசின் வேண்டுகோளை ஏற்று நிஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். அதைப் பழைய நிலைக்குத் திரும்புதலாக அவர்கள் கருதவில்லை. முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் தமது சுயசரிதையான அல்முன்கிது நூலில் விளக்கியுள்ளார்கள். பின்னர் அப்பணியையும் விட்டு, தூஸில் தமது இல்லத்தின் அருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் சூஃபியாக்களுக்கு ஒரு கான்காவும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14-இல் (கி.பி. 1111) அந்நகரிலேயே வஃபாத்தானார்கள்.