ஊருக்கே விருந்து வைத்த துபாஷி: யார் இந்தக் கனகராய முதலியார்?

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் போனால் ரெட்டியார்பாளையம் வரும். அங்கே இருக்கும் புனித அந்திரேயர் ஆலயத்தின் கதை 1745-ல் தொடங்குகிறது. மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா கட்டிய கோயில் அது. அவர் பெயர் கனகராய முதலியார். ஞானஸ்நானப் பெயர் பெத்ரோ.

பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி அவர். துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. துணி வியாபாரிகளைப் பிடிப்பது, விலை பேசுவது, கவர்னருக்கும் ஊருக்கும் நடுவே நிற்பது எல்லாமே அவர் வேலை. இன்றைய கணக்கில், ஒரு பெரிய நிறுவனத்தின் உள்ளூர் தலைவரும் கலெக்டரின் வலது கையும் ஒரே ஆளாக இருப்பது மாதிரி.

ஜெபமாலை கொடுத்தது குற்றமா?

கனகராயர் அந்தப் பதவிக்கு வந்ததே ஒரு சண்டையின் வழியாகத்தான். அவருக்கு முன் துபாஷியாக இருந்த நைனியப்பர் ஒரு இந்து. அவர் ஏழைக் கிறிஸ்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, கையில் ஜெபமாலையும் கொடுத்தார். நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் இயேசு சபைக் குருக்களுக்கு அது பிடிக்கவில்லை. சபை மக்களுக்குப் படியளக்கிறவர் யாரோ, அவர் பின்னால்தான் அந்த மக்கள் நிற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன!

1716-ல் நைனியப்பர் கைதானார், அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். பின்னாளில் பிரான்ஸில் அந்தத் தண்டனை ரத்தானது, ஆனால் அவர் உயிரோடு இல்லை. காலியான இடத்துக்குக் குருக்களின் ஆதரவோடு வந்தவர்தான் கனகராயர். நைனியப்பரின் மகன் குருவப்பர் பிரான்ஸுக்கே போய், மதம் மாறித் திரும்பி வந்து, கொஞ்ச காலம் அந்தப் பதவியைப் பிடித்தார். 1724-ல் அவர் இறந்ததும் பதவி மறுபடி கனகராயரிடம். அதன் பிறகு சாகும் வரை அவரை யாரும் அசைக்கவில்லை.

ஒரு கோயில், பல பந்திகள்

1739-ல் அவருடைய ஒரே மகன் வேலவேந்திரன் இறந்துபோனார். மகன் நினைவாக உழவர்கரையில் ஆலயம் எழுப்பிய கனகராயர், வேலை முடிந்ததும் ஊருக்கே அழைப்பு அனுப்பினார். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, எல்லாச் சாதியினரும், வெள்ளைக்காரர்களும், கவர்னர் துய்ப்ளேக்ஸும் வந்தார்கள். இந்துக்களுக்குப் பிராமணர்களை வைத்துத் தனியாகச் சமைத்தார்கள். ஐரோப்பியர்களுக்குத் தனி மேஜை. எல்லோரும் வந்தார்கள், ஆனால் எல்லோரும் ஒன்றாக உட்காரவில்லை. அந்தக் காலத்து ஒற்றுமை அந்த அளவுக்குத்தான்.

இவ்வளவும் தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால். அவர் நைனியப்பரின் உறவுக்காரர், துபாஷி பதவிக்குக் காத்திருந்தவர். விருந்தைப் பற்றியும் குத்தலாகத்தான் எழுதினார். போட்டியாளர் எழுதியது என்பதை மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

நடுவில் நின்ற சுவர்

விருந்து நடந்த அதே 1745-ல், ஊருக்குள் சம்பா கோயிலில் வேறு ஒரு பிரச்சினை வெடித்தது. கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். ஒரே பூசை, ஒரே குரு, ஆனால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. தலித் மக்கள் குருக்களிடம் போய் நியாயம் கேட்டார்கள். நாங்களும் பிள்ளைகள்தானே என்பதுதான் அவர்கள் வாதம். சுவர் இடிக்கப்பட்டது.

மற்றவர்களுக்குக் கோபம். அந்தச் சமயத்தில் கனகராயரின் உறவுக்காரப் பெண் ஒருவர் நகையும் வாசனையுமாகக் கோயிலுக்கு வர, குரு அவரை எல்லோர் முன்னாலும் கண்டித்தார். தகராறு பெரிதானது. கடைசியில் கவர்னர் தலையிட்டு, கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடிப் பேசவே கூடாது, மீறினால் பிடித்துக்கொண்டு போவோம் என்று மிரட்டினார். அதோடு அடங்கியது.

ஆயிரம் பேருக்கு இலை போடுவதைவிட, ஒரு சுவரை எடுத்தது பெரிய வேலை. அதைச் சாதித்தவர்களில் ஒருவர் பெயரும் ஊருக்குத் தெரியாது. விருந்து வைத்தவர் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

சொத்து யாருக்கு?

கனகராயர் 1746 பிப்ரவரியில் இறந்தார். வாரிசு இல்லை. சொத்துக்காக அவர் மனைவி நட்சத்திரம் அம்மாளும் தம்பி சின்ன முதலியாரும் மோதிக்கொண்டார்கள். இரண்டு பேருமே கிறிஸ்தவர்கள், ஆனால் வழக்கைத் தீர்த்தது ஊரின் சாதித் தலைவர்கள் சொன்ன வழக்கம். சொத்து தம்பிக்கு என்று முடிவானது. கணவரை இழந்த நட்சத்திரம் அம்மாளுக்கும், வேலவேந்திரனின் மனைவிக்கும் ஜீவனத்துக்குத் தம்பி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

துபாஷி பதவி சில காலம் கழித்து ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் போனது.