தரையில் மண்டியிட்டுப் போர் நடத்திய ஹெச்.ஜி. வெல்ஸ்



போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல் ரூமுக்கு ஒரு அட்டைப் பெட்டி வந்தது. ரூம்மேட்டோட அண்ணன் பயன்படுத்தாம வச்சிருந்த பிளாஸ்டிக் போர்வீரர் பொம்மைகள். ஒவ்வொண்ணும் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இதுக்கு நாமளே பெயின்ட் அடிச்சு, டேபிள் மேல அணிவகுத்து, ஸ்கேல் வச்சு அளந்து நகர்த்தி, டைஸ் போட்டுச் சண்டை விடணும். அதான் டேபிள்டாப் வார்கேமிங். நான் ஆர்வத்துல பெயின்ட் பாட்டிலைத் திறந்து, அப்படியே தொட்டு ஒரு வீரன் மேல பூசினேன். மூக்கு, கண், பட்டன் எல்லாம் பெயின்ட்ல மூழ்கிப்போய், உருகின மெழுகுவத்தி மாதிரி ஆயிட்டான்.

அந்தக் கடுப்புல, இந்தப் பொழுதுபோக்கை யார்யா ஆரம்பிச்சு வச்சதுன்னு தேடினேன். கிடைச்ச பெயர் ஹெச்.ஜி. வெல்ஸ். ஆமா, டைம் மெஷின் எழுதின அதே ஆள்தான். அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, இதை நம்ம காலேஜ் பசங்களுக்குச் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு.

கடையில் தொடங்கிய வாழ்க்கை

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21-ல், லண்டனுக்குத் தெற்கே உள்ள பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் சாமான்களும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடை சரியாக ஓடவில்லை. ஆனால் அப்பா நல்ல பவுலர். 1862-ல் கென்ட் அணிக்காக சசெக்ஸுக்கு எதிராக ஆடும்போது நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். முதல்தர கிரிக்கெட்டில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். கிரிக்கெட்டில் வந்த காசுதான் வீட்டை ஓரளவுக்கு ஓட்டியது.

வெல்ஸுக்கு ஏழு வயசு இருக்கும்போது காலை உடைத்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். வேற வேலை இல்லாததால் நூலகப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளினார். வாசிப்புப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. அடுத்து 1877-ல் அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. அம்மா சாரா, முன்பு வேலைக்காரியாக இருந்த அப்பார்க் என்ற பெரிய மாளிகைக்கே வீட்டு மேற்பார்வையாளராகத் திரும்பிப் போனார். பையனைத் துணிக்கடையில் சேர்த்துவிட்டார்கள்.

சவுத்ஸீ என்ற ஊரில் இருந்த அந்தத் துணிக்கடையில் ஒரு நாளைக்குப் பதிமூணு மணி நேரம் வேலை. தூங்குவது மற்ற பயிற்சிப் பையன்களோடு ஒரே கூடத்தில். நாலு வருஷம் இருக்கணும்னு ஒப்பந்தம். ரெண்டு வருஷத்தில் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, சுமார் 17 மைல் நடந்தே போய் அம்மா முன்னாடி நின்று, இனி அங்க போக மாட்டேன்னு சொல்லிவிட்டார். குடும்பம் கட்டின பணம் வீண். ஆனால் பையன் பிழைத்தான்.

அரியர் வைத்த மேதை

அதற்குப் பிறகு மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் பாதி மாணவர், பாதி ஆசிரியராக இருந்து படித்தார். 1884-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த நார்மல் ஸ்கூல் ஆஃப் சயன்ஸில் ஸ்காலர்ஷிப்போடு சீட் கிடைத்தது. உதவித்தொகை வாரம் ஒரு கினி. வயிறு நிறையச் சாப்பிடப் பத்தாது. முதல் வருஷம் உயிரியல் எடுத்தவர் டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடிய டி.ஹெச். ஹக்ஸ்லி. வெல்ஸ் வாழ்நாள் முழுக்க மறக்காத ஆசிரியர் அவர்.

முதல் வருஷம் பிரமாதம். அப்புறம்? நமக்குத் தெரிந்த கதைதான். பாடம் போரடித்தது. கவனம் டிபேட்டிங் சொசைட்டிக்கும் மாணவர் பத்திரிகைக்கும் போனது. 'சயன்ஸ் ஸ்கூல்ஸ் ஜர்னல்' என்ற காலேஜ் பத்திரிகையைத் தொடங்கி, அதன் முதல் ஆசிரியரானார். 1887-ல் கடைசி வருஷ ஜியாலஜி பேப்பரில் ஃபெயில். பட்டம் இல்லாமல் வெளியே வந்தார். 1888-ல் அதே பத்திரிகையில், காலத்தில் பயணம் செய்யும் ஒரு விஞ்ஞானி பற்றி 'தி க்ரானிக் ஆர்கோநாட்ஸ்' என்ற கதையை எழுதினார். 1895-ல் உலகத்தையே கலக்கிய 'தி டைம் மெஷின்' நாவலுக்கு விதை அதுதான். காலேஜ் பத்திரிகையில் எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்க. அரியரை அவர் சும்மா விடவும் இல்லை. ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதி 1890-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வாங்கினார்.

இடையில் ஃபுட்பால் ஆடும்போது அடிபட்டுச் சிறுநீரகம் கெட்டது. நுரையீரலும் தொல்லை கொடுத்தது. நின்றுகொண்டு பாடம் எடுக்க உடம்பு ஒத்துழைக்காததால் எழுத்துக்கு மாறினார். 1896-ல் டாக்டர் மோரோவின் தீவு, 1897-ல் கண்ணுக்குத் தெரியாத மனிதன், 1898-ல் செவ்வாய்க்கிரகவாசிகள் படையெடுக்கும் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. சினிமா இன்னைக்கும் இவற்றைச் சுற்றித்தான் வருது. தனிவாழ்க்கையில் உதாரண புருஷன்னு சொல்ல முடியாது. ரெண்டு திருமணம், அதற்கு வெளியேயும் பல உறவுகள். ரெண்டாவது மனைவி ஜேனுக்குப் பிறந்த ஜார்ஜ் ஃபிலிப், ஃபிராங்க் என்ற ரெண்டு பையன்கள்தான் நம்ம கதைக்கு முக்கியம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுடுதல்

அந்தக் காலத்தில் பிரிட்டனின் பிரபல பொம்மை கம்பெனி 'பிரிட்டன்ஸ்'. 1893-ல் அவர்கள் உள்ளே கூடாக இருக்கும் ஈயப் பொம்மைகளை வார்க்க ஆரம்பித்தார்கள். உலோகம் குறைவு, அதனால் விலையும் குறைவு. சுமார் 54 மில்லிமீட்டர் உயரம், கம்பெனியிலேயே பளபளன்னு பெயின்ட் அடிச்சு பெட்டியில வரும். கூடவே ஸ்ப்ரிங் வச்ச ஒரு குட்டி பீரங்கியும் வந்தது. சுமார் ஒரு அங்குல மரக்குண்டை அது சுடும். ஒன்பது கஜ தூரத்தில் இருக்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது தடவை அடிக்கலாம்னு வெல்ஸே கணக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நண்பர் வந்தார். புத்தகத்தில் வெல்ஸ் அவரை ஜே.கே.ஜே. என்று மட்டும் குறிப்பிடுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அது. ரூம் முழுக்கப் பையன்களின் பொம்மைகள். நண்பர் சும்மா இருக்காமல் பீரங்கியை எடுத்து ஒரு வீரனைச் சுட்டு வீழ்த்தினார், வெல்ஸையும் சவாலுக்கு இழுத்தார். ரெண்டு பெரிய மனுஷங்க தரையில் உட்கார்ந்து மாறி மாறிச் சுட ஆரம்பிச்சாங்க.

நம்மளா இருந்தா அன்னைக்கு விளையாடிட்டு விட்டிருப்போம். வெல்ஸ் அதை ஒரு ப்ராஜெக்ட் மாதிரி எடுத்துக்கொண்டார். என்சைக்ளோபீடியா தொகுதிகளை அடுக்கி மலை, மரக்கட்டையில் வீடுகள். ஆடிப் பார்ப்பது, எங்கே சொதப்புதுன்னு கண்டுபிடிப்பது, விதியை மாற்றுவது, மறுபடி ஆடுவது. அப்படியே நம்ம டீபக்கிங்தான். கடைசியில் நிலைத்த விதிகள் எளிமையானவை. காலாட்படை ஒரு முறைக்கு ஒரு அடி நகரலாம், குதிரைப்படை ரெண்டு அடி. ஆறு அங்குலத்துக்குள் நாலு பேராவது இருந்தால்தான் பீரங்கியைச் சுட முடியும். ரொம்ப நேரம் யோசிக்க முடியாதபடி ஒவ்வொரு முறைக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு.

பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1820-களிலிருந்தே வரைபடம் வைத்துப் போர்ப் பயிற்சி ஆட்டம் ஆடிவந்தார்கள். அது ராணுவத்துக்கானது. வீட்டுத் தரையில், கடைப் பொம்மையை வைத்து, யார் வேணும்னாலும் ஆடலாம்னு வழி காட்டியது வெல்ஸ். 1911-ல் 'ஃப்ளோர் கேம்ஸ்', 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ரெண்டு சின்னப் புத்தகங்கள் வெளியிட்டார். ரெண்டாவதின் நீளமான தலைப்பில், இது பன்னிரண்டு வயசு முதல் நூற்றைம்பது வயசு வரையுள்ள பையன்களுக்கும், பையன்களின் விளையாட்டை விரும்பும் புத்திசாலிப் பெண்களுக்கும் என்று இருக்கும். இன்னைக்குப் படிச்சா அந்தப் பெண்கள் பகுதி எரிச்சலாத்தான் இருக்கும். எங்க டேபிளில் நல்லா பெயின்ட் பண்றது யார்னு அவர் வந்து பார்க்கணும்.

பொம்மைக்கும் நிஜத்துக்கும் நடுவில்

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இவ்வளவு ரசித்துப் போர் விளையாடின மனுஷன், போர் பிடிச்சவரா? பதில் 'லிட்டில் வார்ஸ்' கடைசிப் பக்கங்களிலேயே இருக்கு. சின்னப் போரை மூணு நாலு தடவை ஆடிப் பார்த்தாலே, நிஜப் போர் எவ்வளவு குளறுபடியான, முட்டாள்தனமான விஷயம்னு புரிந்துவிடும் என்கிறார். தரையில் நாலு பேர் ஆடும்போதே திட்டம் இவ்வளவு கோணலாகப் போனால், லட்சக்கணக்கான உயிரை வைத்து ஆடும் தளபதிகள் கதி என்ன? போர்வெறி பிடித்தவர்களை ஒரு அறையில் பூட்டி, பொம்மைகளைக் கொடுத்து ஆட விடலாம் என்பது அவர் யோசனை.

புத்தகம் வந்த அடுத்த வருஷம், 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் வெடித்தது.

இங்கேதான் கதை சிக்கலாகுது. போரை முட்டாள்தனம்னு எழுதின அதே வெல்ஸ், இந்த ஒரு போர் போரையே ஒழித்துவிடும்னு நம்பி அதை ஆதரித்து எழுதினார். அவர் கட்டுரைத் தொகுப்பின் தலைப்பே அந்தக் கருத்துதான். 1918-ல் எதிரி நாடுகளுக்கான பிரச்சாரப் பிரிவிலும் வேலை செய்தார். போர் முடிந்தது, ஆனால் போர்கள் ஒழியவில்லை. தான் நம்பினது தப்புன்னு உலகமே அவருக்குக் காட்டியது. பொம்மையில் பார்த்ததை நிஜத்தில் ஏன் மறந்தார்? எனக்கு இன்னும் முழுசாப் புரியலை. ஆனா நம்ம பக்கம் நியாயம்னு தோணும்போது எல்லாருமே கொஞ்சம் மறந்துடறோம்.

அவர் சும்மா உட்காரவில்லை. போருக்குக் காரணம், ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றை மட்டும் படிப்பதுதான் என்று நினைத்து, மனித இனம் முழுமைக்குமான ஒரு வரலாற்று நூலை எழுதினார். உலக நாடுகள் ஒன்று சேரணும்னு ஓயாமல் எழுதினார். நீரிழிவு வந்தபோது, 1934-ல் அந்த நோயாளிகளுக்காகப் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1940-ல் மனித உரிமைகள் பற்றி எழுதிய நூல், பின்னால் வந்த ஐ.நா. பிரகடனத்தின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்லப்படுது.

இன்னொரு பயங்கரமான விஷயம். 1914-ல் வெளியான ஒரு நாவலில் அணுகுண்டு என்று பெயரே வைத்துக் கற்பனை செய்திருந்தார். 1932-ல் அதைப் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்ட், அடுத்த வருஷம் அணுச் சங்கிலி வினை பற்றிய யோசனைக்கு வந்தார். ஹிரோஷிமா செய்தி வந்தபோது வெல்ஸ் உயிரோடுதான் இருந்தார். ஒரு வருஷம் கழித்து, 1946 ஆகஸ்ட் 13-ல், குண்டுவீச்சின்போதுகூட விட்டுப்போகாத லண்டன் வீட்டில், 79 வயதில் காலமானார்.

இனி நம்ம டேபிளுக்கு

ஈயம் நச்சு என்பதால் 1960-களில் ஈயப் பொம்மைகள் ஒதுங்கி, பிளாஸ்டிக் இடம்பிடித்தது. இன்னைக்கு வர்ற வார்கேம் பொம்மைகள் பெரும்பாலும் பெயின்ட் இல்லாமத்தான் வருது. வெல்ஸ் வீட்டுப் பையன்களுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை. அதனால, நான் சொதப்பிக் கத்துக்கிட்டது:

முதல்ல பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில பொம்மையைக் கழுவிக் காய வைங்க. அச்சுல இருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பெயின்ட் ஒட்டாது. பழைய பாட்டில் மூடி மேல டபுள் டேப் போட்டு நிறுத்திட்டா பிடிக்கச் சுலபம். அடுத்து ப்ரைமர் ஸ்ப்ரே. மெல்லிசா, ரெண்டு மூணு தடவை, மாஸ்க் போட்டு, ரூமுக்கு வெளிய. மழை நாள்ல வேண்டாம், ஈரப்பதத்துல சொரசொரன்னு ஆயிடும். அப்புறம் அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணி கலந்து பால் பதத்துக்குக் கொண்டு வந்து பூசுங்க. ஒரே கோட்ல மூடணும்னு ஆசைப்படாதீங்க, மெல்லிசா ரெண்டு கோட். நான் செஞ்ச முதல் தப்பே அதுதான். காய்ஞ்சதும் அடர்பிரவுனை ரொம்ப நீர்க்கக் கலந்து மேல ஓட விட்டா, மடிப்புகள்ல தேங்கி நிழல் மாதிரி நிக்கும். கடைசியா வெளிர் நிறத்தைத் தொட்டு, டிஷ்யூல முக்கால்வாசி துடைச்சிட்டு, மேடான இடங்கள்ல மட்டும் ப்ரஷ்ஷை லேசா உரசுங்க. முகம் உயிரோட எழுந்து வரும். மேட் வார்னிஷ் அடிச்சா வேலை முடிஞ்சுது.

ஒரு வீரனுக்கு எனக்கு மூணு மணி நேரம் ஆகுது. அவ்வளவு நேரம் ஒரு முகத்தையே பார்த்துட்டு, அப்புறம் ஆட்டத்துல அவன் முதல் டைஸ்லயே விழும்போது நிஜமாவே வலிக்குது. வெல்ஸ் சொல்ல வந்தது இதுதானோன்னு அப்பப்ப தோணும்.

'ஃப்ளோர் கேம்ஸ்' புத்தகத்துல அவருக்கு ஒரு பெரிய குறை உண்டு. கடையில எங்க பார்த்தாலும் சிப்பாய் பொம்மைதான், சாதாரண ஜனங்களே இல்லைன்னு புலம்பியிருப்பார். எங்க பெட்டியிலயும் அதே நிலைமை. அதனால நான் கெடுத்து வச்சிருந்த அந்த முதல் வீரனை எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, கையில இருந்த துப்பாக்கியை வெட்டிட்டேன். தோள்ல ஒரு பை ஒட்டி, காக்கிச் சட்டை பூசினேன். இப்ப அவன் எங்க ஊர் போஸ்ட்மேன். அடுத்த ஆட்டத்துல ரெண்டு படைக்கும் நடுவுல நிக்கப்போறான். அவனை யாரும் சுடக்கூடாதுங்கிறது எங்க ரூமோட புது விதி.